விரிப்புக்கு அடியில் ஒரு வெடிப்பு

கல்யாண வீடுகளில் ஆடத் தெரியாதவர்களை ஆடவைப்பதுதான் என் பிழைப்பு. ஒயிலாட்டத்தில் நாலு ஸ்டெப், ஆளுக்கொரு கைக்குட்டை, ஒரு தவில், என் வாயில் விசில், அவ்வளவுதான். புதிதாக ஆடுகிறவர்களிடம் ஒரு குணம் உண்டு. வாயால் சொல்வதைக் கேட்கமாட்டார்கள். நம் காலைப் பார்த்து அப்படியே செய்வார்கள். நான் மூக்கைச் சொறிந்தால் அவர்களும் சொறிவார்கள்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு கல்யாணம். பருத்தி எடுத்து முடித்த காட்டில் பந்தல், தரையில் பச்சை விரிப்பு. ஆட்டம் தொடங்குமுன் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எங்கக்கா ஆடணும் அண்ணாச்சி. இளம்பிள்ளைவாதம் வந்த காலு. எந்த விசேஷத்துலயும் சேர்லயே உக்காந்துருவா."

அக்கா பெயர் செல்வி. போய்க் கூப்பிட்டேன். பந்தி பார்க்கணும் என்று சிரித்து மழுப்பிவிட்டார். வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. வேறு வழி தெரியாமல் போய் விசிலை ஊதினேன்.

மூன்றாவது ஸ்டெப்பில் என் வலது கால், விரிப்புக்கு அடியில் இருந்த வெடிப்பில் இறங்கிவிட்டது. கோடையில் கரிசல் எப்படிப் பிளக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் பச்சை விரிப்பை நம்பிவிட்டேன். கணுக்கால் பிசகி, ஒரு காலை இழுத்து இழுத்து ஆடினேன். திரும்பிப் பார்த்தால் மொத்த வரிசையும் காலை இழுத்து ஆடுகிறது. தவில்காரரும் புது ஸ்டெப் என்று நினைத்து, அதற்கேற்ப அடியை மாற்றிவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. செல்வி பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே சேர்ந்து தன்னைக் கேலி செய்கிறது என்றுதானே நினைப்பார்? ஆட்டத்தை நிறுத்த விசிலை ஊதலாம் என்றால் மூச்சு வரவில்லை. அவர் எழுந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். நேராக வந்து தம்பி பக்கத்தில் நின்று, கைக்குட்டை கேட்டுக் கையை நீட்டினார்.

"இது நான் நடக்குத நடைதான அண்ணாச்சி. எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."

வரிசையில் பிசகாமல் ஆடியது அவர் ஒருவர்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் என் காலை விட்டுவிட்டு அவர் காலைப் பார்த்து ஆடினார்கள். மாப்பிள்ளை ஆடிக்கொண்டே அழுதார். நான் செல்வியின் சேரில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். அப்புறம், சேரில் உட்கார்ந்திருப்பவர் எப்படி நடப்பார் என்று பாருங்கள். முதல் ஸ்டெப்பை அங்கிருந்து எடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மழைக்காலத்தில் அந்தக் கணுக்கால் இன்னும் வலிக்கும். வலிக்கும்போதெல்லாம் செல்விக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.