நான் தட்டி அனுப்பிய கற்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை. இரும்பைத் தேய்த்து மட்டமாக்கும் கிரைண்டிங் வீல்கள் என் பொறுப்பில் இருந்தன. பெயர்தான் வீல், எங்கள் வாயில் அது கல். ஒவ்வொரு கல்லையும் வெளியே கொடுப்பதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டும். நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் நாலு இடத்தில் மெல்லத் தட்டுவேன். நல்ல கல் ‘ணங்’ என்று பாடும். விரிசல் விட்ட கல் ‘டொக்’ என்று செத்துப்போகும். காரணம் ரொம்பச் சாதாரணம். சத்தம் என்றாலே அதிர்வு. தட்டியதும் அது கல் முழுக்க ஓடி, விளிம்பில் முட்டித் திரும்பித் திரும்பி வரும். வழியில் விரிசல் இருந்தால் அங்கேயே தேய்ந்து அடங்கிவிடும். அப்படிப்பட்ட கல் மெஷினில் ஏறிச் சுற்றினால் வெடிக்கும். எதிரே நிற்பவர் முகத்தில்தான் வெடிக்கும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் என் காதை ஒரு வருஷம் மறைத்து வைத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வருஷத்துக்கு ஒருமுறை காது சோதிக்கும் வேன் கம்பெனிக்கு வரும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, ஹெட்ஃபோனில் சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். அந்த வருஷம் தடித்த சத்தங்கள் எல்லாம் கேட்டன. கீச்சுச் சத்தங்களின் முறை வந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சோதிப்பவரின் முழங்கை தெரிந்தது. பொத்தானை அழுத்தும்போது அது லேசாக அசையும். முழங்கை அசைந்தால் விரலைத் தூக்கினேன். நார்மல் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கு முந்தின வருஷம் பிரஸ் ஷாப்பில் ஒருவருக்குக் காது மந்தம் என்று தெரிந்து பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே ஷிஃப்ட் முழுக்க நிற்க வேண்டும், என் முட்டிக்கு ஆகாது. அதைவிட, செவிட்டக்கா என்று பெயர் வைத்துவிடுவார்களோ என்ற பயம்.

அப்புறம் நூம்பலில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. துணி முடிந்தால் கீச்சிடுமே, அது. மெக்கானிக்கை வரவழைத்துச் சத்தம் போட்டேன். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். என் மகள் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கைபட்டதும் சரியாகிவிட்டது பார் என்று நான் சமாளித்தேன். அவள் நம்பவில்லை, நானும்தான்.

அப்புறம் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். பூந்தமல்லியிலிருந்து வரும் ஆபரேட்டர் ஒருவன் சின்னக் கல் ஒன்று கேட்டான். என்னைவிடப் பத்து வயது இளையவன், இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், தீப்பொறியைப் பார்க்கிறேன் என்று மெஷினுக்குள் தலையை விடுகிற ஆள். நான் கல்லைத் தட்டினேன். தட்டியது விரலுக்குத் தெரிந்தது, காதுக்கு ‘டொக்’ மாதிரி ஏதோ. கொஞ்ச நாளாகவே சின்னக் கற்கள் எனக்கு இப்படித்தான் இருந்தன. கல்லுக்கு என்ன, என் காதுதான் என்று சொல்லிக்கொண்டு, தட்டிப் பார்த்தாயிற்று என்று கல்லில் கட்டும் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்து வேறொரு மெஷினுக்குப் பெரிய கல். தட்டினேன். ‘ணங்.’

எனக்குக் காது கேட்கிறதே. அப்படியானால் அந்தச் சின்னக் கல்?

ஓடினேன். மெஷின் ஷாப்பில், பக்கத்து பிரஸ் ஷாப்பின் இரைச்சலுக்கு நடுவே கத்துவதில் பயனில்லை. அவன் கல்லை மாட்டி, மூடியைப் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தியிருந்தான். கல் அப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தது. நான் சிவப்புப் பொத்தானை அறைந்தேன்.

“இன்னாக்கா, பேய் அறைஞ்ச மாரி கீற?” என்றான்.

விரிசல் இருக்கிறது, கழற்று என்றேன். இரைச்சலில் தட்டிப் பார்க்க முடியாது என்பதால் கல்லோடு ஸ்டோர்ஸுக்கு வந்தோம். அவனையே தட்டச் சொன்னேன். மேலே ஃபேன் ஓடியது. அவன் கல்லைத் தொங்கவிட்டபோது எனக்குள் ஓர் அசிங்கமான வேண்டுதல் ஓடியது. இந்தக் கல் விரிசல் விட்டிருக்கட்டும், சாமி. கல் கெட்டிருந்தால் என் காது நல்ல காது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

காத்திருந்தேன். ரொம்ப நேரமாகிற மாதிரி இருந்தது.

“தட்டேன்டா, இன்னா பண்ணிகினு கீற?”

“மூணு வாட்டி தட்டிட்டேன்க்கா. மணி மாரி அடிக்குது. உனக்கு கேக்கலியா?”

கண்ணைத் திறந்தேன். மரப்பிடி அவன் கையில் இருந்தது. அவன் முகத்தில் கேலி இல்லை, அதுதான் தாங்கவில்லை. பெரிய கல்லுக்குத் தடித்த குரல், சின்னக் கல்லுக்குக் கீச்சுக் குரல். வேனில் முழங்கையைப் பார்த்துத் தப்பித்தேனே, அதே கீச்சு. இத்தனை வருஷம் கல்லோடு குப்பை கொட்டியும் அது அப்போதுதான் உறைத்தது.

“கேக்கல,” என்றேன். வெளியில் ஒருவரிடம் முதல்முறையாகச் சொன்னேன்.

நல்ல கல்லுக்கும் ‘டொக்’, கெட்ட கல்லுக்கும் ‘டொக்’ என்றால், நான் இதுவரை தட்டி அனுப்பியது எதை? பேக்கிங்கும் முட்டியும் அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை. சூப்பர்வைசர் அறைக்குப் போய், கிரைண்டிங் மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொன்னேன். எந்தக் கல்லில் சந்தேகம் என்று கேட்டார்.

“சின்னக் கல்லு எல்லாம் சார். நான் தட்டினது எல்லாமே.”

அவர் திட்டவில்லை. மெஷின்களை நிறுத்திக் கற்களைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். அலமாரியில் மறுநாளுக்காக நான் தட்டி எடுத்து வைத்திருந்தவற்றையும் சேர்த்து மேஜையில் அடுக்கினோம். அந்த ஆபரேட்டர்தான் ஒவ்வொன்றாகத் தட்டினான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷினிலிருந்து வந்தவை எல்லாம் நல்லவை. அலமாரிக் கற்களில் கடைசிக்கு முந்தினதைத் தட்டியபோது அவன் முகம் மாறியது. இன்னொரு முறை தட்டினான். அதைத் தனியாக எடுத்து வைத்தான்.

எனக்கு அதுவும் மற்றவை மாதிரிதான் கேட்டது. என் கையெழுத்துப் போட்ட சீட்டு அதில் தொங்கிக்கொண்டிருந்தது.