எல்லாவற்றையும் எடுத்துச் செல்பவருக்கு மட்டும்

2025 டிசம்பர் மூன்றாம் தேதி திஹோமிர் பிராங்கோவ் இணையத்தில் வெளியிட்ட விளம்பரம் பின்வருமாறு: "வீடியோ கேம்கள், பதினேழு பெட்டிகள். இலவசம். எல்லாவற்றையும் எடுத்துச் செல்பவருக்கு மட்டும். பெட்டியைத் திறந்து தேர்ந்தெடுக்க அனுமதி இல்லை. நோவி சாத், லிமான், நான்காம் மாடி." செர்பியாவின் நோவி சாத் நகரில் லிஃப்ட் பழுது பார்ப்பவராக முப்பது ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். இந்த ஐந்து வரியை எழுத ஒரு மாலை முழுவதும் எடுத்துக்கொண்டார். தேர்ந்தெடுக்க விட்டால் நல்ல நான்கைத் தூக்கிக்கொண்டு மீதி நானூறைத் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள் என்பது சந்தையில் அவர் பட்டறிந்தது.

இந்த முடிவுக்கு அவரைத் தள்ளியது சென்ற ஆண்டின் ஸ்லாவா. குடும்பப் புனிதரின் நாளான ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. பிராங்கோவ் குடும்பத்தின் புனிதர் நிக்கோலா, நாள் டிசம்பர் பத்தொன்பது. தந்தை கோஸ்தா 2021இல் இறந்தபின் அந்தக் கடமை மகனிடம் வந்தது. வீட்டின் சிறிய அறையோ 1983 முதல் சேர்ந்த விளையாட்டுகளால் நிறைந்திருந்தது. ஆகவே சென்ற ஆண்டு விருந்தினர் முறைவைத்துச் சாப்பிட்டார்கள். எண்பத்து நான்கு வயதான மிலுதின் பெரியப்பா, நடைவழியில் ஒரு பெட்டியின் மீது தட்டை வைத்து, மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்குடா. கப்பல்ல சாப்பிடற மாதிரி இருக்கு," என்றார் பெரியப்பா.

அன்றிரவு பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி யாத்ரங்கா சொன்னாள்: "அடுத்த வருஷம் அந்த ரூம்ல ஒண்ணு மேஜை இருக்கணும், இல்ல உன் பெட்டி இருக்கணும். ரெண்டும் இருந்தா நான் இருக்க மாட்டேன்."

ஆண்டு முழுவதும் திஹோமிர் தள்ளிப்போட்டார். நவம்பரில் உட்கார்ந்தார். கால்பந்து விளையாட்டுகள் மட்டும் இருபத்திரண்டு, ஆண்டுக்கு ஒன்றாக. உறை மட்டும் இருந்து வட்டு இல்லாதவை அறுபது. ஒரே விளையாட்டின் மூன்று பிரதிகள், நரம்பு இல்லாத பிளாஸ்டிக் கித்தார் இரண்டு, மிதித்து ஆடும் விரிப்பு ஒன்று. ஒவ்வொன்றையும் கையில் எடுத்தபோது, இதை ஏன் வாங்கினேன் என்ற கேள்வி எரிச்சலாக எழுந்தது. எரிச்சல் வேலையை விரைவாக்கியது. ஒரே ஓர் அலமாரி அளவு நிறுத்திக்கொண்டு மற்றதைப் பெட்டியில் போட்டு நாடா ஒட்டினார். பதினேழாம் பெட்டியில் இடம் மீதி இருந்ததால், அப்பாவின் பழைய பாட்டு கேசட்டுகள் முப்பத்தொன்றையும் அதிலேயே, மூடி மூடாத அளவுக்கு, அடுக்கினார். அவற்றில் ஒன்றின் உறையில் அப்பாவின் பென்சில் எழுத்து: "கெட்டுப்போனது." திஹோமிர் அதைப் பார்த்தார், உள்ளே போட்டார்.

அவர் சற்று நின்றிருக்க வேண்டிய இடம் அது. ஏனென்றால் உறையை நம்பக்கூடாது என்பதை அந்தத் தலைமுறையில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. எண்பதுகளில் சனிக்கிழமை மாலைகளில் உள்ளூர் வானொலி கணினி விளையாட்டுகளை ஒலியாகவே ஒலிபரப்பியது. கீச்சிடும் அந்த நாலைந்து நிமிடத்தைக் கேசட்டில் பதிந்து கணினிக்கு ஊட்டினால், திரையில் விளையாட்டு எழும். வெற்றுக் கேசட் கிடைக்காத பையன்கள் வீட்டுப் பாட்டுக் கேசட்டின் மேல்விளிம்பில் மறுபதிவைத் தடுக்கும் இரு துளைகளை மென்ற காகிதத்தால் அடைத்து, பாட்டின் மேலேயே பதிந்து, பழைய உறைக்குள் திருப்பி வைத்துவிடுவார்கள். பின்னால் தேடும்போது அடையாளம் தெரிய, கீச்சொலிக்கு முன் தங்கள் வாயாலேயே விளையாட்டின் பெயரையும் தேதியையும் சொல்லிப் பதிவது வழக்கம்.

1986 குளிர்காலத்தில், பதினாறு வயதில், திஹோமிர் ஒரு விளையாட்டைத் தானே எழுதினார். பெயர் "தோணித்துறை". டான்யூபில் மிதந்துவரும் பனிப்பாளங்களுக்கு நடுவே வாத்துகளையும் ஒரு வண்டியையும் குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு பாதிரியாரையும் அக்கரை சேர்க்க வேண்டும். இரண்டு பிரதி பதிந்தார். குரல் இல்லாமல் கீச்சொலி மட்டும் பதிந்த ஒன்றை வானொலி நிலையத்தில் கொடுக்கச் சொல்லி, அடுத்த தெருவிலிருந்த நண்பன் விளாதெத்தா பாய்கிச்சிடம் தந்தார். மற்றொன்று அப்பாவின் கேசட் ஒன்றில். மார்ச் முதல் சனிக்கிழமை வானொலியில் அறிவிப்பு வந்தது: இதோ நம் நகரத்து இளைஞர் விளாதெத்தா பாய்கிச் எழுதிய தோணித்துறை.

"எனக்கு என்னடா தெரியும்? நான் கொடுத்தேன், அவங்க என் பேரைக் கேட்டாங்க, சொன்னேன்," என்றான் விளாதெத்தா மறுநாள். "அடுத்த வாரம் மாத்திச் சொல்லச் சொல்றேன்."

அடுத்த வாரம் வரவே இல்லை. எழுதியது தான் என்று காட்ட, திஹோமிர் வீட்டுப் பிரதியைத் தேடினார். கேசட்டுகள் இருந்த இடத்தில் அது மட்டும் இல்லை. பால் லாரி ஓட்டிய அப்பா வழியில் கேட்கக் கைக்கு வந்ததை எடுத்துப்போவார். தூக்கி எறிந்துவிட்டாயா என்று மகன் கேட்டபோது, "நான் எதையும் எறியலை," என்றார் கோஸ்தா. மகன் நம்பவில்லை. அந்த நம்பிக்கையின்மை முப்பத்தைந்து ஆண்டு அவர்களிடையே உட்கார்ந்திருந்தது. அப்பாவைப் புதைத்த நாளிலும் எழுந்துபோகவில்லை.

விளம்பரத்தைப் பார்த்து ஒருத்தி எழுதினாள். பெயர் தெயானா ரிஸ்திச். பழைய கணினிகளுக்கு ஒரு காட்சியகம் தொடங்கும் குழுவைச் சேர்ந்தவள். பதினேழையும் எடுத்துக்கொள்கிறோம், எதையும் திறக்க மாட்டோம், என்றைக்கு வீட்டில் இருப்பீர்கள் என்று கேட்டாள். திஹோமிர் யோசிக்காமல், "பத்தொன்பதாம் தேதி நாள் முழுவதும் இருப்பேன்," என்று பதில் போட்டார். ஸ்லாவா அன்று வீட்டைவிட்டு நகர முடியாதே, அதனால்.

"ஸ்லாவா அன்னிக்கா சாமான் ஏத்த வரச்சொன்ன?" என்றாள் யாத்ரங்கா. "நீ படிச்சவன்னு எங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டாங்க."

பத்தொன்பதாம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குச் சிறிய அறையில் நீண்ட மேஜை போட்டிருந்தது. நோன்புக் காலம் ஆகையால் இறைச்சிக்குப் பதில் மீன், அடுப்பில் சுட்ட பீன்ஸ், எலுமிச்சை பிழிந்த உருளைக்கிழங்கு. நடுவில் ஸ்லாவா ரொட்டியும் எரியும் மெழுகுவர்த்தியும். பெட்டிகள் நடைவழியில் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்பது விருந்தினர் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கப்படி திஹோமிர் மட்டும் உட்காரவில்லை. ஸ்லாவா அன்று வீட்டுக்காரர் நின்றுகொண்டே பரிமாற வேண்டும்.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் தெயானா. பெட்டி தூக்க அவள் தன் தந்தையை அழைத்து வந்திருந்தாள். ரிஸ்திச் அவள் கணவர் வீட்டுப் பெயர்; அந்தத் தந்தை விளாதெத்தா பாய்கிச்.

"ஆண்டவரே, தீகா," என்றான் விளாதெத்தா, பழைய செல்லப் பெயரில். "நீயா? இவ சொன்ன பெயரைக் கேட்டப்பவே நினைச்சேன், ஆனா இந்த ஊர்ல எத்தனை பிராங்கோவ்." மேஜையையும் மெழுகுவர்த்தியையும் பார்த்தான். "அடடே, ஸ்லாவாவா? வாழ்த்துகள், வாழ்த்துகள்."

திஹோமிரின் வாய்க்குள் மூன்று வசவுகள் முட்டிக்கொண்டு வந்தன. ஆனால் வாசற்படிக்கு உள்ளே வந்தவன் விருந்தாளி. யாத்ரங்கா அதற்குள் ஸ்லாவா விருந்தாளிக்கு முதலில் தரும் இனிப்புக் கோதுமைக் கிண்ணத்தை நீட்டிவிட்டாள். விளாதெத்தா சிலுவைக் குறியிட்டு ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

அவன் உட்கார்ந்தான், நன்றாகச் சாப்பிட்டான், பேசினான். திஹோமிர் அவன் தோளுக்குப் பின்னால் நின்று ஒயின் ஊற்றினார். இரண்டாவது கோப்பையில், யாரும் கேட்காமலே, கதை வந்தது.

"இந்த ஊர் வானொலியில போன முதல் விளையாட்டு என்னுது. பதினாறு வயசு. ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து எழுதினேன். காட்சியகத்துல முதல் கண்ணாடிப் பெட்டி அதுக்குத்தான், இவ ஏற்பாடு பண்றா."

"பதிவு கிடைக்கலை," என்றாள் தெயானா. "அட்டை எழுதி வச்சாச்சு, உள்ளே வைக்கத்தான் எதுவும் இல்லை."

திஹோமிர் ஊற்றிய ஒயின் கோப்பை விளிம்பைத் தாண்டி மேஜை விரிப்பில் பரவியது. "மன்னிக்கணும்," என்றார் அவர். யாத்ரங்கா உப்பைத் தூவினாள்; கணவனின் முழங்கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம்.

"பாதிரியார் ஒருத்தர் வருவாராமே அதுல?" என்றார் திஹோமிர். "அவர் எதனால தண்ணியில விழுவார்?"

"யாருக்குப்பா ஞாபகம். நாப்பது வருஷம் ஆச்சு."

"எழுதினவனுக்கு ஞாபகம் இருக்கும்."

பேச்சை மாற்ற விரும்பியவர் மிலுதின் பெரியப்பா. நடைவழிக்குப் போய்வந்தவர், பதினேழாம் பெட்டியின் திறந்திருந்த மூடியோரம் தம்பியின் கேசட்டுகளைக் கண்டிருந்தார். "கோஸ்தாவோட பாட்டையெல்லாமாடா வெளியே அனுப்பற? வெக்கமா இல்லை? ஒண்ணு போடு. புனிதர் நாள்ல அவன் குரல் கேட்ட மாதிரி இருக்கும்." கையில் கிடைத்ததைத் தூக்கி நீட்டினார். உறையில் பென்சில் எழுத்து. "கெட்டுப்போனதுன்னு எழுதியிருக்கான். என் தம்பி எதைத்தான் நல்லா இருக்குன்னு சொன்னான். போடு."

பெரியவர் சொல்லைத் தட்ட முடியாது. அலமாரியிலிருந்த பழைய பதிவுக் கருவியில் கேசட்டைப் போட்டு முதலுக்குச் சுற்றினார் திஹோமிர். துளைகள் இரண்டிலும் காய்ந்த காகிதம் இருந்ததை அவர் விரல் அப்போதுதான் உணர்ந்தது.

இரைச்சல். பிறகு, உடையும் பருவத்துப் பையன் குரல் ஒன்று, மிகவும் கவனமாக: "தோணித்துறை. எழுதியது திஹோமிர் பிராங்கோவ். பிப்ரவரி பதினாலு, எண்பத்தாறு. விளாதெத்தா, சிரிக்காதே, பதிவாகுது." பின்னணியில் இன்னொரு பையன் சிரிப்பு. அதன்பின் கீச்சொலி தொடங்கியது.

திஹோமிர் கருவியை நிறுத்தினார்.

தெயானா தந்தையைப் பார்த்தாள். "அப்பா, இது யார் சிரிக்கிறது?"

விளாதெத்தா ரொட்டித் துண்டைப் பிய்த்துக்கொண்டே, "சேர்ந்துதான் பண்ணினோம்மா," என்றான். "சின்னப் பசங்க. யார் எதைச் செஞ்சதுன்னு யார் கணக்கு வச்சா?" பிறகு திஹோமிரிடம், சிரிக்க முயன்று: "அதோட, அந்தப் பெட்டியில இருந்த கேசட் அது. தேர்ந்தெடுக்க அனுமதி இல்லைன்னு நீயே எழுதியிருக்கே."

திஹோமிர் கேசட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடைவழிக்குப் போனார். இரண்டு பெட்டிகளை ஒரே மூச்சில் தூக்கினார். லிஃப்ட் இருந்தும் படிவழியே இறங்கினார். ஏறினார், மறுபடி இரண்டைத் தூக்கினார். நான்கு மாடி, எட்டு நடை. யாரையும் உதவிக்கு விடவில்லை. ஐம்பத்தாறு வயதில் நெஞ்சு தெறித்துவிடும் என்று யாத்ரங்கா படியருகே நின்று கத்தினாள். விருந்தாளியை வெளியேற்ற முடியாது. ஆனால் அவன் வந்த காரியத்தை வெளியேற்றலாம். காரியம் கீழே போனபின் அவனும் போகத்தான் வேண்டும். பதினேழாவது பெட்டியிலிருந்து அப்பாவின் மற்ற முப்பது கேசட்டுகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். விளாதெத்தாவும் மகளும் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

வண்டியருகே, நடைபாதையில், பெட்டியைக் கீழே வைத்தார் திஹோமிர்.

"இங்க நீ விருந்தாளி இல்லை," என்றார். மூச்சு வாங்கியது. "இப்பப் பேசறேன். நான் எங்கப்பாவைத் திருடன் மாதிரி கேட்டேன். எறிஞ்சியா, எறிஞ்சியான்னு. அவர் சாகற வரைக்கும் நம்பலை. நீ உன் வாயால ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருந்தா, நான் அவரைக் கேட்டிருக்கவே மாட்டேன்."

"ஒரு சின்ன விளையாட்டு, தீகா. இதுக்குப்போய்..."

"சின்னதுன்னா ஏன் நாப்பது வருஷமா தூக்கிட்டு அலையற? கீழே வச்சிருக்கலாமே."

விளாதெத்தா மகளைப் பார்த்தான். அவள் கார் கதவைப் பிடித்தபடி நின்றாள், உதவ வரவில்லை. "சொல்லுங்கப்பா," என்றாள்.

தெருவில் ஒரு பஸ் போயிற்று. "அவன் எழுதினான்," என்றான் விளாதெத்தா, வண்டிச் சக்கரத்தைப் பார்த்து. "நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவுதான்."

அது போதவில்லை. போதும் என்று எதிர்பார்த்திருந்த திஹோமிருக்கு அது இன்னும் ஆத்திரத்தையே மூட்டியது. இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கா இத்தனை வருடம் என்று.

"அந்தப் பதிவு எங்களுக்குக் கிடைக்குமா?" என்றாள் தெயானா மெதுவாக. "அட்டையை மாத்தி எழுதறேன்."

"கருவியோட வந்து இங்கேயே பிரதி எடுத்துக்க. நீ வா. இவர் வேண்டாம். நிக்கோலா நாள் மட்டும்தான் இந்தக் கதவு எல்லாருக்கும்."

அவர் மேலே ஏறியபோது மெழுகுவர்த்தி பாதிக்கு வந்திருந்தது. எவரும் எழுந்து போயிருக்கவில்லை. உறையைப் பையிலிருந்து எடுத்து அப்பாவின் எழுத்தைப் பார்த்தார். கோஸ்தா லாரியில் அதை முதலிலிருந்து கேட்டாரா, கீச்சொலியின் நடுவிலிருந்து கேட்டாரா என்பதை அறிய இனி வழியில்லை. எறியவில்லை என்பது மட்டும் உறுதி.

"இன்னும் கோவமாடா?" என்றார் பெரியப்பா.

"ஆமா."

"உட்காரேன் கொஞ்சம்."

"இன்னிக்கு உட்காரக் கூடாது, பெரியப்பா."

அவர் கேசட்டை முதலிலிருந்து போட்டார். பையனின் குரல் வந்தது, சிரிப்பு வந்தது, பின் கீச்சொலி. நாலேகால் நிமிடம் அது காதைக் குடைந்தது. முள்கரண்டிகள் தட்டில் கிடந்தன. நிறுத்தச் சொல்லி யாரும் வாய்திறக்கவில்லை. திறந்து பார்க்கட்டும் என்பதுபோல வீட்டுக்காரர் ஒயின் குப்பியைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு மேஜையின் தலைமாட்டில் நின்றார். கீச்சொலி சட்டென்று அறுந்தது. அதற்கப்பால் அழியாமல் மிஞ்சியிருந்த கோஸ்தாவின் பாட்டு, ஒரு சொல்லின் பாதியிலிருந்து தொடங்கியது.