நடுமுற்றத்துக்கு ஒரு மூடி

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய் வந்த அன்றுதான் எங்களைச் சனி பிடித்தது. கல்ஃப் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்திருந்த என் கணவர், அங்கே முற்றத்தோரம் நின்று காற்று வாங்கிவிட்டு, "ஏட்டி, நாம கெட்டப்போற வீட்டுலயும் இப்படி ஒண்ணு வேணும்" என்றார். இன்ஜினீயருக்கென்ன, வரைந்து கொடுத்துவிட்டார். ஹாலுக்கு நடுவே வானம் தெரிய ஒரு முற்றம் வந்தது. புது வீட்டுப் பால்காய்ப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் அதில் நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

பிறகு ஆனி மழை வந்தது. மழை மேலிருந்துதான் விழும் என்பது எங்கள் இருவருக்கும் அன்றுதான் தெரிந்தது. சாரலில் சோபா நனைந்ததும் முற்றத்தின் மேல் ஃபைபர் ஷீட் போட்டோம். ஷீட் போட்டதும் ஹால் அடுப்பாகிவிட்டது. ஏசி வைத்தோம். குளிரெல்லாம் முற்றத்துக்குள் போய்விடுகிறது என்று அதைச் சுற்றி நான்கு பக்கமும் கண்ணாடி அடைத்தோம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் வாழை நிற்கிறது. மகாராஜா பார்த்தால் பொறாமைப்படுவார்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "மீன் வளக்கப் போறியாட்டி?" என்று கேட்டார்.

போன வாரம் ஒருநாள் பகல் முழுக்க கரண்ட் இல்லை. காரை வெயிலில் நிறுத்திவிட்டு, கார் நின்ற போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மூன்று பக்கமும் திறந்த இடம் என்பதால் அரண்மனையில் வாங்கிய அதே காற்று வந்தது. இந்த வீட்டில் நாங்கள் மூடாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

கணவர் கண்ணை மூடி அனுபவித்தார். பிறகு சொன்னார்: "நல்ல காத்துட்டி. சுத்தி கண்ணாடி அடைச்சி ஒரு ஏசியும் வச்சா, சூப்பர் ரூமாயிரும்."