லோயர் சேரின் அலுமாரி

பக்கத்து வீட்டு ஹனீபா காக்கா போன செவ்வாய்க்கிழமை காலையிலேயே என் வாசலில் வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி.

"வெள்ளிக்கிழமை மகள்ட நிக்காஹ். வீட்டு உறுதி லோயர்ட ஒஃபீஸ்ல. லோயர் ஆஸ்பத்திரி வாட்டுல!"

எங்கள் சாய்ந்தமருதில் நிக்காஹ்வுக்கு முன்னால் வீட்டை மகள் பெயருக்கு எழுதியாக வேண்டும். அதற்குப் பழைய உறுதிப் பத்திரம் வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று அதை லோயரிடம் கொடுத்து வைத்திருந்தார் காக்கா. பாதி ஊர் அப்படித்தான். லோயருக்கோ பாரிசவாதம்... பேச்சே வரவில்லை.

இருவரும் லோயரின் மனைவி ராத்தாவிடம் போனோம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து களைத்திருந்தார்.

"ஊராக்கள்ட உறுதியெல்லாம் உள்ளுக்கு இரிக்கி. நான் எப்படித் தம்பி திறக்கிற?"

நியாயம்தானே? கடைசியில் ராத்தா, லோயரின் சிநேகிதரான இன்னொரு லோயரை வரவழைத்து, அவர் முன்னால் ஒஃபீஸைத் திறந்தார்.

அலுமாரி நிறைய நாடா கட்டிய கட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஹனீபா என்று மட்டும் ஒன்றுமில்லை. மேல்தட்டு, கீழ்த்தட்டு — ம்ஹூம்! காக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது ராத்தா ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்தார். "இது எங்கட வீட்டு உறுதி. உம்மாட பேர்ல இரிக்கி!"

அட! எங்கள் பக்கம் வீடு பெண்வழியில்தானே வருகிறது? லோயரும் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்த உம்மாவின் பெயரிலேயே அடுக்கியிருக்கிறார். காக்காவின் மாமியார் பெயரைத் தேடினோம். இரண்டே நிமிஷம், உறுதி கையில்!

"கொண்டு வந்து குடுத்த நான். அப்ப என்ட பேர்லதானே இரிக்கணும்?" என்றார் காக்கா. முப்பது வருஷமாகப் பெண்சாதி வீட்டில் குடியிருக்கிற மனுஷன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்!

புது உறுதியைத் தானே எழுதித் தருவதாக வந்த லோயர் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், நிக்காஹ் தப்பியது.

ராத்தா மட்டும் சிரிக்கவில்லை. "எங்கட மனுஷன் வாற எல்லாரிட்டயும், 'நாளைக்கு நீங்க மௌத்தாகிக் கண்ண மூடினா என்ன ஏற்பாடு?' எண்டு கேப்பார். அவர்ட்ட ஒருத்தரும் கேக்கல்ல தம்பி. நானும் கேக்கல்ல."

இன்னும் எத்தனை வீட்டு உறுதிகள் அந்தத் தட்டுகளில்? நினைக்கவே பயமாக இருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? வந்த லோயரிடம் கேட்டேன். "சேர், உங்கட அலுமாரிய ஆரு திறப்பாங்க?"

அவர் பேனாவைத் திறந்தார். தன் சாவி யாரிடம் போக வேண்டும் என்று எழுதி வைக்க, ராத்தாவிடம் ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.