கால்மாடு கிழக்கு

என் ஐயாவின் பிரேதத்துக்காக நான் என் பெரியப்பாவின் கையை முறித்தேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. முறித்ததற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. அதே அடிபிடியில், அதே ஐந்து நிமிடத்துக்குள், என் கையால் இன்னொரு பிழையும் நடந்தது. அதற்காகத்தான் பல வருடம் நித்திரையில்லாமல் கிடந்தேன்.

எங்கள் வீடு தெல்லிப்பழைக்கும் சுன்னாகத்துக்கும் இடையில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவில். ஐயாவும் அவருடைய தமையனான பெரியப்பாவும் ஒரே வளவில் இருந்து ஒரே கிணற்றில் இறைத்தவர்கள். ஒரு நாள் கிணற்றுத் துலா மிதிக்கும்போது ஐயா மேலிருந்து விழுந்து இடுப்பு நொறுங்கியது. நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திருநீறு பூசிக்கொண்டு போன மனிதர், பக்கத்துக் கட்டில்காரர் வாசித்த வேதத்தைக் கேட்டுக் கேட்டு, கிறிஸ்தவராக ஊன்றுகோலோடு வந்து இறங்கினார்.

பெரியப்பா படலை வாசலில் நின்றார். "என்னடா, நெத்தி வெறுமையாய்க் கிடக்கு?"

ஐயா காரணத்தைச் சொன்னார். பெரியப்பா அந்த ஊன்றுகோலையே பிடுங்கி, அது இரண்டாக உடையும்வரை அடித்தார். ஐயா விழுந்தபின்பும் அடித்தார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னப் பிள்ளை, ஆனாலும் பல்லைக் கடித்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த கிழமை பெரியப்பா வளவின் நடுவே பூவரசங் கதியால்களை வரிசையாக நட்டு வேலி அடைத்தார். கிணறு அவர் பக்கம் போயிற்று.

அடி வாங்கிய மனிதர் சாதுவாகிப்போவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் ஐயா அடிக்கப் பழகிக்கொண்டார். சுவரில் ஒரு திருக்கை வால் தொங்கியது. மீன்காரனிடம் சொல்லி வைத்து வாங்கிக் காயப்போட்டது. அதன் அடி எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். முதலில் சத்தம் கேட்கும், பிறகு தோல் பிரியும், அதற்குப் பிறகுதான் எரியத் தொடங்கும்.

கிறிஸ்து திரும்பி வருவார் என்று சபையில் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்பினார்கள். ஐயா ஏழு நாளும் நம்பினார். விடிந்ததும் வெங்காயப் பாத்திகளைத் தாண்டிப் போய்க் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்பார். வருகிறவரை எப்படி அடையாளம் காண்பது என்பதுதான் அவருடைய ஓயாத கதை. முதலில் கள்ளக் கிறிஸ்துக்கள் வருவார்கள், அங்கி போட்டுக்கொண்டு வருவார்கள், அற்புதமும் செய்வார்கள், படித்தவர்களே ஏமாறுவார்கள் என்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் கொழும்புத்துறைக் கடற்கரையில் ஒரு தாடிக்காரர் வந்து தங்கியிருந்தார். வெள்ளை அங்கி, இரண்டு உள்ளங்கையிலும் தழும்பு. திரும்பி வந்த கர்த்தர் இவர்தான் என்று பள்ளிக்கூடத்தில் கதை. நானும் ஒரு சிநேகிதியும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். அவர் என் தலையில் கை வைத்தார். கையில் மீன் வெடில் அடித்தது, ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிவந்து, "ஐயா, நான் அவரைக் கண்டிட்டன்" என்றேன். மனிதர் சந்தோஷத்தில் துள்ளுவார் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது.

வாலை எடுத்தார். முதுகில் மூன்று அடி. அம்மா குறுக்கே விழுந்து பிடித்தா. அவவின் புறங்கையிலும் ஒன்று விழுந்தது.

"பஸ்ஸிலை போய்ப் பாக்கிற ஆளோடி அவர்? அங்கை நிக்கிறார், இங்கை நிக்கிறார் எண்டு ஆர் சொன்னாலும் போகாதை. அவர் வந்தால் ஒருத்தரும் உனக்குச் சொல்லத் தேவையில்லை. மின்னல் அடிக்கிறமாதிரி கிழக்கு முழுக்க வெளிக்கும். நீ அந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டால் போதும். கண்ட உடனை தெரியும். முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டியெண்டால், மற்றச் சனம் கத்திறதைக் கேட்டுத் திரும்பேக்கை அவர் உன்னைத் தாண்டிப் போயிருப்பார்."

சொல்லி முடித்துவிட்டு என் முதுகுக்குத் தானே தேங்காயெண்ணெய் பூசினார். அவரை முழுதாக வெறுக்கவும் எனக்கு ஒரு வழி விடவில்லை அந்த மனிதர்.

எனக்குப் பத்தொன்பதாம் வயதில் ஒரு காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் ஐயாவைக் கொண்டுபோயிற்று. நாலாம் நாள் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "என்னைக் கால்மாடு கிழக்கை வையுங்கோ. எழும்பி இருந்த உடனை அவற்றை முகம் நேரை தெரியவேணும்." எங்கள் சேமக்காலையில் எல்லோரையும் அப்படித்தான் புதைப்பது. தலை மேற்கே, கால் கிழக்கே. ஆனாலும் ஐயா எங்கள் இருவரிடமும் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார்.

சவப்பெட்டி செய்தவர் கதவும் யன்னலும் செய்கிற தச்சர். தோள் பக்கம் அகலம், கால் பக்கம் ஒடுக்கம் என்ற கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. இரண்டு தலைப்பும் ஒரே அளவாக ஒரு நீளப் பெட்டி அடித்துத் தந்தார். அதன் மூடியில் நான்தான் வெள்ளைப் பெயின்றால் சிலுவை கீறினேன். சிலுவையின் மேல்முனை தலைப்பக்கம், நீளமான கீழ்க்கட்டை கால்பக்கம். இனி ஆருக்கும் பிழை வராது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டினோம். ஐயாவின் கால் முன்னே, தலை பின்னே. ஒழுங்கையில் பெரியப்பா நாலு பேரோடு நின்றார். எல்லோர் கையிலும் கொட்டன் தடி.

"என்ரை தம்பியைப் புழுவுக்குக் குடுக்க விடமாட்டன். ஆம்பிளைப் பிள்ளை இல்லாதவன். என்ரை மகன் கொள்ளி வைப்பான். பெட்டியை வையுங்கோ."

எங்கள் சபைப் போதகர் கையைக் கூப்பிக்கொண்டு முன்னே போனார். முதல் அடி அவருடைய நெற்றியில். அவர் அப்படியே வேலியோடு சரிந்தார். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று தெரியாது. தடி எலும்பில் படுகிற சத்தமும், பெண்களின் குழறலும்தான். தூக்கியவர்கள் கைவிட, பெட்டி நிலத்தில் அடிபட்டு மூடி கழன்று பறந்தது. ஐயா பாதி வெளியே வந்து கிடந்தார். முகத்தில் துணி மூடியிருந்தது. பெரியப்பா குனிந்து அவருடைய கமக்கட்டுக்குள் கையை விட்டு இழுத்தார்.

அதைக் கண்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. பெரியப்பா நட்ட வேலி ஒழுங்கையைத் தொடுகிற இடத்தில் பட்டுப்போய் நின்ற ஒரு கதியாலைப் பிடுங்கினேன். எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. முழங்கைக்குக் கீழே பார்த்து இரண்டு கையாலும் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பெரியப்பா ஐயாவை விட்டுவிட்டு நிலத்தில் இருந்தார். என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் இன்னொரு தரம் ஓங்கினேன். அம்மா பிடித்திராவிட்டால் மண்டையில் போட்டிருப்பேன், பொய் சொல்லக் கூடாது.

எங்கள் ஆட்கள் ஐயாவைப் பெட்டிக்குள் தள்ளினார்கள். நான் மூடியைத் தூக்கி மேலே போட்டு, அதில் முழங்காலை ஊன்றி, ஒரு கல்லால் ஆணிகளை அடித்தேன். அப்போது எங்கிருந்தோ எறிந்த கல் என் புருவத்தைப் பிளந்தது. ஒரு கண்ணில் இரத்தம், மற்றக் கண்ணால் ஆணியைப் பார்த்து அடித்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேமக்காலைக்கு ஓடினோம். போதகர் நெற்றியைச் சால்வையால் பொத்திக்கொண்டு நாலு வார்த்தை செபித்தார். சிலுவையைப் பார்த்து, மேல்முனை மேற்கே வருமாறு பெட்டியை இறக்கி மண்ணைத் தள்ளினோம்.

மறுநாள் காலையில் சட்டையிலிருந்த இரத்தத்தைத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அது தெரிந்தது. ஆணி அடித்தபோது என் முழங்காலுக்குக் கீழே இருந்தது சிலுவையின் மேல்முனை. அதே மூலையில் மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு நீக்கல் இருந்தது. அந்த நீக்கலுக்குள்ளால் வெள்ளைத் துணி தெரிந்தது. முகத்தை மூடிய துணி என்று அப்போது நினைத்தேன், ஆனால் அதில் முடிச்சு இருந்தது: ஐயாவின் இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்து அம்மா கட்டிய துணி. மூடியை மாறிப் போட்டுவிட்டேன். ஐயாவின் தலை கிழக்கே கிடக்கிறது. எழும்பி இருந்தால் மேற்கைப் பார்ப்பார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த முகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. பெரியப்பாவின் கையை யாரோ ஒரு நாட்டு வைத்தியர் கட்டி, அது கோணலாகப் பொருந்தியது. அவர் பொலிசுக்குப் போகவில்லை. ஒரு பெட்டை அடித்தாள் என்று எந்த ஆம்பிளை எழுதிக் கொடுப்பான். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்குப் பிறகு ஐயாவின் குழியடியில் நின்று, "உந்த அடிபிடிக்குள்ளையும் மனுசனைச் சரியாய் வைச்சிட்டம், அது போதும்" என்று சொல்லுவா. நான் குனிந்து குழியடிப் புல்லைப் பிடுங்குவேன்.

எட்டு வருடம் கழித்து அம்மா சீட்டுக் காசில் கல்லறை கட்ட மேசனைக் கூட்டி வந்தா. "தலைமாடு எது?" என்று மேசன் கேட்டான். அம்மா மேற்கைக் காட்டினா. பொய்யான பக்கத்தில் கல் எழும்பப் போகிறது என்று கண்டதும் என் வாய் தானாகத் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா மேசனின் சாந்தகப்பையைப் பறித்து என் வாயில் அடித்தா. முன்பல் ஒன்று உடைந்தது. "எட்டு வருசம்! எட்டு வருசம் என்னை இதிலை நிக்க விட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனியேடி!" தோளில், தலையில், கை போன இடமெல்லாம் அடித்தா. நான் தடுக்கவில்லை. மேசன் பயந்து மதிலேறிக் குதித்து ஓடினான்.

இரண்டு பேரும் அந்தக் கோலத்திலேயே போதகரிடம் போனோம். அவருடைய நெற்றியில் வடு அப்போதும் வெள்ளையாய்த் தெரிந்தது. கிண்டி எடுப்பதென்றால் அரசாங்கக் கச்சேரிக்கும் பொலிசுக்கும் எழுத வேண்டும், பெரியப்பா பகுதி திரும்பவும் தடியோடு வரும் என்றார். பிறகு ஆறுதலாக, "அவர் வரேக்கை எல்லாக் கண்ணும் அவரைக் காணும், அம்மா" என்றார்.

"முதுகிலை கண் இருக்கோ, ஐயா?" என்று அம்மா கேட்டா.

அதற்குப் பிறகு அம்மா என்னோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. சோறு போடுவா, கோப்பையை நிலத்தில் அடித்து வைப்பா. ஒரு நாள் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தவ, கத்தியை நிறுத்தாமல் சொன்னா. "அந்தாளுக்குப் பக்கத்திலை எனக்கு இடம் எடுத்து வை. என்னைச் சரியாய் வை. நான் முதல் காணுவன். கண்ட உடனை அந்தாளைத் தலைமயிரிலை பிடிச்சுத் திருப்பிவிடுவன். கல்யாணம் முடிச்ச நாளிலையிருந்து எனக்குக் கை ஓங்கினவர்தானே, நானும் ஒருக்காப் பிடிக்கிறன்." கொஞ்ச நேரம் வெட்டினா. "என்ரை கையைக் கட்டிப் புதைச்சுப்போடாதை."

அம்மா எழுபதுகளின் கடைசியில் போனா. அந்த நேரம் ஊரில் வேறு விதமான அடியும் துவக்குச் சூடும் தொடங்கிவிட்டன. கொட்டன் தடிக்கு யாரும் பயப்படுகிற காலம் போய்விட்டது. பெட்டியை இந்தத் தரம் தோள் அகலமாகச் செய்வித்தேன். மூடியைப் போட முதல் பார்த்தால், குளிப்பாட்டிய பெண்கள் வழக்கப்படி இரண்டு கையையும் நெஞ்சில் சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லோரையும் ஏசித் தள்ளிவிட்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன்.

அப்போது படலையில் ஆட்கள் விலகினார்கள். பெரியப்பா வந்தார். முன்னே அவர் ஐயாவின் ஊன்றுகோலை உடைத்த அதே படலை. அவருக்கு எண்பது இருக்கும், நெற்றி நிறையத் திருநீறு, இப்போது அவருடைய கையிலேயே ஒரு ஊன்றுகோல். போதகரின் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது. நான் வேலிப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

அவர் பெட்டியடிக்கு வந்தார். "என்ன செய்யிறாய், பிள்ளை?"

இனி மறைக்க என்ன இருக்கிறது. சொன்னேன். பெட்டி விழுந்தது, மூடி மாறியது, ஐயா மேற்கே பார்த்துக் கிடப்பது, அம்மா கையைக் கட்ட வேண்டாம் என்றது, எல்லாம். "நீங்கள் தடியோடை வந்திராட்டில் அந்த மூடி கழண்டிராது" என்றும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போது அழுதேன், அதனால் இன்னும் கோபம் வந்தது.

பெரியப்பா அம்மாவைப் பார்த்தார். கிறிஸ்து திரும்பி வருவார் என்பதை அவர் ஒரு நாளும் நம்பியவரில்லை. ஊன்றுகோலை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். பெட்டியின் மற்றத் தலைப்புக்குப் போய், கால்பக்கத்துச் சேலையை விலக்கினார். அம்மாவின் இரண்டு பெருவிரலும் வெள்ளைத் துணியால் கட்டிக் கிடந்தன. நான் அதை நினைக்கவே இல்லை.

"கால் கட்டிக் கிடந்தால் கொம்மா எப்பிடி எழும்பி என்ரை தம்பியிட்டைப் போவாள்?"

அந்த முடிச்சில் கையை வைத்தார். நான் முறித்த கை அது, விரல்கள் மடங்கவில்லை. இரண்டு மூன்று தரம் முயன்று பார்த்தார். பிறகு குனிந்து, பல்லால் கடித்து அவிழ்த்தார்.