செங்கமலம் ஏற்றிவிட்ட நாலரை மணி பஸ்

திருமானூர் பஸ் ஸ்டாப்பில் ஞாயிற்றுக்கிழமை அவித்த கடலை வாங்க நினைப்பவர்கள் நாலு மணிக்குள் வாங்கிவிட வேண்டும். நாலு மணிக்கு மேல் செங்கமலத்துக்குக் காது கேட்காது. கூடையை ஈரத்துணியால் மூடிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவாள். நாலரைக்குத் திருச்சி பஸ். அதில் காலேஜுப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

ஏற்றுவது என்றால் வெறுமனே கையசைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்த பிள்ளைகளில் யார் இன்னும் வரவில்லை என்று பார்ப்பாள். வராதவன் வீட்டுக்கு ஆள் விடுவாள். "வயித்து வலி" என்று முனகுகிறவன் முதுகில் ஒன்று வைப்பாள். "வலிய திருச்சிக்குக் கொண்டு போ. அங்க பெரியாஸ்பத்திரி இருக்கு!" கண்டக்டரே பயந்து இரண்டு நிமிஷம் தாமதிப்பார். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவளுக்கு இந்த வேலையை யார் கொடுத்தது? யாரும் கொடுக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் காலனித் தெருவிலிருந்து முதன்முதலாகப் பி.யூ.சி. படிக்கப் போனவன் கருப்பண்ணன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தகரப் பெட்டியோடு வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பஸ் வந்தது, போனது. அவன் எழவில்லை. கடலை கேட்டான், பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். படிக்கிற பிள்ளையை நாம் என்ன கேட்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் அவன் பெட்டியே கொண்டுவரவில்லை. பிறகு கரும்பு வெட்டப் போய்விட்டான். ஒரு நாள் கடலை தின்றுகொண்டே சொன்னான்: "அன்னிக்கு யாராச்சும் ஏன்டா ஏறலன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஏறியிருப்பேன்க்கா." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். இவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கேட்டதோடு நிற்கவில்லை. காலேஜிலிருந்து வருகிற ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் கிண்டி விஷயம் சேர்த்தாள், அடுத்த வருஷம் போகிற பிள்ளைக்கு அதைச் சொல்லி அனுப்பினாள். ஒரு மாசம் முன்னாடியே செருப்பு போட்டு நடந்து பழகு, இல்லாவிட்டால் முதல் நாளே கால் பொத்துப்போகும். ஹாஸ்டலில் சோறு போதவில்லை என்றால் கேள், பசியோடு இருந்தால்தான் வீட்டு நினைப்பு வரும். எந்தச் சர்டிபிகேட்டுக்கும் ரெண்டு நகல் வைத்துக்கொள். இங்கிலீஷில் நடத்துகிறது புரியவில்லையா? தீபாவளி வரைக்கும் யாருக்கும் புரியாது, அதுவரை எழுதிக்கொண்டே இரு. காலேஜ் வாசலை மிதித்திராத செங்கமலம் சொல்லும்போது, ஏதோ அங்கேயே குடியிருந்தவள் மாதிரி இருக்கும். அவள் ஏற்றிவிட்ட எவனும் பாதியில் திரும்பவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே!

எண்பத்து மூன்றில் பொன்னம்மாளின் மகள் அம்சவள்ளி போனாள். காலனியிலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரி. அவளுக்கு மட்டும் செங்கமலம் இரண்டு மாசம் பாடம் நடத்தினாள். மாப்பிள்ளை பார்க்கலாம் என்று இழுத்த அவள் அப்பனை, "முதல்ல புள்ள படிக்கட்டும், மாப்பிள்ள எங்கயும் ஓடிப்போயிட மாட்டான்" என்று மடக்கியதும் செங்கமலம்தான்.

மூன்றே வாரம். நாலாவது வாரம் ஊருக்கு வந்த பெண் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அடுத்த ஞாயிறும் காய்ச்சல். மூன்றாவது ஞாயிறு காலையில் பொன்னம்மாள் காலேஜிலிருந்து வந்த ஒரு கடுதாசியோடு பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவந்தாள். திருச்சியில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கிற இளையபெருமாள் பேப்பர் படிக்க அங்கே வந்திருந்தான். அவன்தான் படித்துச் சொன்னான்.

"சொல்லாம கொள்ளாம லீவு போட்டிருக்காம். திங்கக்கெழம மொத மணிக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப இல்லன்னா பேர அடிச்சுடுவாங்களாம், அத்த."

"நாளைக்கா?"

"நாளைக்கேதான்."

பொன்னம்மாள் மூக்கைச் சிந்தினாள். "காய்ச்சலும் இல்ல, கழுதையும் இல்ல செங்கமலம். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. நடவுக்கு வரேன்னு எங்கூட எறங்கிட்டா. அவுங்கப்பா மறுபடியும் மாப்பிள்ளப் பேச்ச எடுத்துட்டாரு."

செங்கமலம் கூடையை இளையபெருமாள் தலையில் கட்டிவிட்டு வயலுக்கு நடந்தாள். முழங்கால் சேற்றில் அம்சவள்ளி நாற்று முடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் குனிந்த தலை இன்னும் குனிந்தது.

"கரையேறுடி."

"நான் போவல அத்த."

"போவ வேணாம். கரையேறு. எனக்குச் சேத்துல நின்னு பேச முடியாது."

வரப்பில் உட்கார்ந்தார்கள். செங்கமலம் தனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் வரிசையாகக் கேட்டாள். சோறு பத்தலையா? இங்கிலீஷா? வார்டன் திட்டினாளா? எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் பெண் வரப்புப் புல்லைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆபீஸ்லேருந்து ஒரு ஆளு நோட்டோட கிளாசுக்கு வந்தாரு. ஆதிதிராவிடர் உதவித்தொக வாங்குற புள்ளைங்கல்லாம் எந்திரிங்கன்னாரு. நான் ஒருத்திதான் எந்திரிச்சேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அதுவரைக்கும் எங்கூட டிபன் பாக்ஸப் பிரிச்சி சாப்புட்டவ, அன்னிக்கு மத்தியானம் வேற பெஞ்சுக்குப் போயிட்டா."

செங்கமலம் பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த புத்திமதியில் இதற்கு ஒன்றும் இல்லை.

"உனக்கு மட்டும் இப்படிப் பண்ணிட்டாங்களேடி" என்றாள்.

திரும்பிவந்து இளையபெருமாளிடம் பொருமித் தீர்த்தாள். அவன் கடலைக் கூடையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"எங்களயும்தான் அத்த எந்திரிக்கச் சொல்லுவாங்க. வருசா வருசம்."

"உன்னயுமா?"

"எனக்கு முன்னாடி போன அண்ணனுங்களையும்தான். எல்லாரையும்தான்."

"ஏன்டா எங்கிட்ட ஒருத்தனும் சொல்லல?"

"நீங்க அவ்ளோ சந்தோசமா ஏத்திவிடுவீங்க. எப்புடிச் சொல்றது?"

அடப்பாவிகளா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கேள்விப்பட்டிருக்கிறோம். இத்தனை பிள்ளைகள் சேர்ந்து இத்தனை வருஷம் மறைத்திருக்கிறார்கள். அவர்களைத் தான் பார்த்துக்கொள்வதாக அவள் நினைத்திருக்க, அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். செங்கமலம் அழுதாள். பஸ் ஸ்டாப் என்றும் பாராமல் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வயலுக்கே போனாள்.

"ஒனக்கு மட்டுமில்லடி. இளையபெருமாளும் எந்திரிச்சிருக்கான். போன அத்தன புள்ளைங்களும் எந்திரிச்சிருக்காங்க. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். காலக் கழுவு, நானும் வரேன்."

"நீங்க எதுக்கு அத்த?"

"அந்த நோட்டு வச்சிருக்கற ஆளப் பாக்கணும்."

அன்றைக்குத்தான் நாலரை மணி பஸ்ஸில் செங்கமலம், அம்சவள்ளியைக் கூட்டிக்கொண்டு, முதன்முதலாக ஏறினாள். கூடை பொன்னம்மாளிடம் நின்றது. கண்டக்டர், "என்னக்கா, நீயும் காலேஜில சேந்துட்டியா?" என்றார். "ஆமா, ஒனக்குப் பாடம் நடத்த" என்று சொல்லி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டாள். அன்று ஹாஸ்டல் ஆயாவோடு தங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கல்லூரி ஆபீஸ் ஜன்னலில் அவள் தலை தெரிந்தது. உள்ளே கிளார்க் அப்போதுதான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உதவித்தொக நோட்டு எடுத்துக்கிட்டு கிளாசுக்குப் போறது நீங்கதானுங்களா?"

"ஆமாம்மா, என்ன?"

"புள்ளைங்கள எதுக்குங்க எந்திரிக்கச் சொல்றீங்க?"

"கணக்கெடுக்கணும்ல? வழக்கம்மா அது."

"கணக்கெடுங்க, வேணாங்கல. ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டுனா ஆவாதுங்களா? அத்தன பேருக்கு நடுவுல நிக்க வச்சி, நீ இன்ன தெரு, நீ இன்ன சாதின்னு காட்டணுமா? ஒங்க வூட்டுப் பொண்ணா இருந்தா நிக்க வப்பீங்களா?"

குரல் ஏறிக்கொண்டே போனது. திருமானூர் பஸ் ஸ்டாப்பில் லாரி இரைச்சலைத் தாண்டிக் கூவிப் பழகிய குரலுக்குத் திருச்சிக் காலேஜ் வராந்தா எம்மாத்திரம்! டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். படியிறங்கி வந்த பெண்கள் நின்றார்கள், மாடியிலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். அம்சவள்ளிக்கு முகம் சிவந்துவிட்டது. அத்தையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்த, போதும் வாங்க. கிளாசுல எந்திரிச்சப்ப நாப்பது பேருதான் பாத்தாங்க. இப்ப காலேஜே பாக்குது."

"பாக்கட்டும்டி. நாம என்ன திருடிப்புட்டா நிக்கறோம்?"

அம்சவள்ளி அந்தக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். வேறு பெஞ்சுக்குப் போனவளும் அதில் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டது இந்தத் தடவை அவள்தான்.

கிளார்க் கொஞ்சம் இறங்கிவந்தார். "கத்தாதீங்கம்மா. வேணும்னா பிரின்சிபாலுக்கு ஒரு மனு எழுதிக் குடுங்க. பாக்கச் சொல்றேன்."

வாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் செங்கமலத்துக்கு எழுத வராதே!

"நான் எழுதித் தரேன் சார்" என்றாள் அம்சவள்ளி. "மத்தியானம் தரேன். எங்க ஹாஸ்டல்ல இன்னும் அஞ்சு பேரு இருக்காங்க, அவுங்க கையெழுத்தும் வாங்கித் தரேன்."

மணி அடித்தது.

"நான் கிளாசுக்குப் போறேன். நீங்க இன்னொரு தடவ சத்தம் போடாம ஊருக்குக் கெளம்புங்க, அத்த." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். காலில் செருப்பு சரக் சரக்கென்று தேய்ந்தது.

செங்கமலம் கிளம்புவாளா? எந்த வகுப்பு என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு, அந்த ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றாள். வாட்ச்மேனும் கூடவே வந்தார், இந்த அம்மாளைத் தனியாக விட அவருக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே டீச்சர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அம்சவள்ளி என்று வாசித்ததும் செங்கமலம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ப்ரசன்ட், மிஸ்."

நடுங்காத குரல். அவளுடைய குரல்தான்.

"என்னங்க சொல்லுச்சி எங்க புள்ள?"

"இருக்கேன்னு சொல்லுதும்மா."

"அப்ப பேர அடிக்க மாட்டாங்கல்ல?"

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். "அதான் இருக்கேன்னு சொல்லிடுச்சே. எப்புடிம்மா அடிப்பாங்க?"