சம்பந்தியின் பாடகர் வந்த ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரொறன்ரோவில், ரூஜ் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் அன்று என் கணவரின் திவசம். வந்தவர்கள் எல்லாரும் நான் பக்தியோடு படையல் போட்டதாக நினைத்தார்கள். உண்மையில் நான் செய்தது ஒரு சதி. இதை எழுதிவிட்டாலாவது நெஞ்சில் கிடக்கும் பாரம் கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன்.

எனக்கு ஒரே மகள். கணவர் போனபின் வீட்டில் நானும் அவளும்தான். அவள் கட்டியது ஒரு குரோஷியப் பொடியனை. அவனில் குறை சொல்ல ஒன்றுமில்லை; நான் தேடிப் பார்த்துவிட்டேன். சோற்றைக் கையால் குழைத்துச் சாப்பிடுவான். பனிக்காலம் வரமுன்னம் கேட்காமலே வந்து என் காருக்கு ரயர் மாற்றித் தருவான். எனக்குப் பிரச்சினை அவனுடைய தாய்.

சம்பந்தி மிசிசாகாவில் இருக்கிறார். விமானங்களுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை. ஆள் உயரம், குரல் உரப்பு, கண்டவுடன் இரண்டு கன்னத்திலும் முத்தம். அவரும் என்னைப் போலக் கணவரை இழந்தவர், அவருக்கும் ஒரே பிள்ளை. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆங்கிலம் தேறும். அதனால் சண்டை பிடிக்கவும் வழியில்லாமல் இருந்தது.

அவர் வீட்டில் பாட்டு ஓயாது. குரோஷியாவின் கடற்கரைப் பட்டணங்களில் கோடைக்குக் கோடை பாட்டு விழாக்கள் நடக்குமாம். அங்கே நாற்பது ஐம்பது வருடத்துக்கு முன் பாடிய பாட்டுகளை இன்றைக்கும் விடாமல் வைத்திருக்கிறார்கள். மகளிடம் அர்த்தம் கேட்டால், எல்லாவற்றிலும் கடல், ஒரு படகு, காத்திருக்கும் தாய், கொஞ்சம் வைன். பின்னணியில் மண்டலின் கிணுகிணுக்கும். நாங்கள் பாட்டை இருந்து கேட்கிற ஆட்கள். அவர்களோ பாடகர் முதல் அடியைத் தொடங்கியதும் பெரியவர் சிறியவர் என்றில்லாமல் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தாங்களே பாடி முடித்துவிடுவார்கள்.

அதில்தான் எனக்கு வயிறு எரியத் தொடங்கியது. என் மகளை ஏழு வருடம் வாய்ப்பாட்டு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தவள் நான். சனிக்கிழமை சனிக்கிழமையாக, பனி கொட்டினாலும் விட்டதில்லை. வீட்டுக்கு யாராவது வந்து, “பிள்ளை, ஒரு பாட்டுப் பாடுங்கோவன்” என்று கேட்டால் அவளுக்கு உடனே தொண்டை கட்டிவிடும். அப்படிப்பட்டவள், கலியாணம் முடிந்த முதல் வருடமே சம்பந்தியின் பிறந்தநாளில், அந்தப் பாஷையில், முழுப் பாட்டு ஒன்றை நெஞ்சைத் திறந்து பாடினாள். அந்தத் தொண்டைக்கு அவர்கள் என்ன வைத்தியம் செய்தார்களோ தெரியாது. சம்பந்தி அவளுடைய தோளில் கை போட்டு, நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு கூடவே பாடினார். நான் கேக் துண்டோடு ஒரு மூலையில் இருந்தேன். மகளை ஒருத்தன் கொண்டுபோவான் என்று மனதைத் தயார்படுத்தித்தான் வைத்திருந்தேன். ஒருத்தி கொண்டுபோவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் துப்பறியவும் செய்தேன். எனக்கு ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில், முன்மேசையில் வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடித் தேடி, சம்பந்தி கும்பிடாத குறையாக நேசிக்கும் அந்தப் பாடகரைக் கேட்டேன். எழுபது தாண்டியவர், வெள்ளைச் சட்டை, கரகரத்த குரல். இதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போய், ஒரு மெட்டு எனக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. பல் பிடுங்க வந்தவருக்கு அப்பொயின்மென்ற் எழுதும்போது அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அதை உணர்ந்தபோது சம்பந்தியில் இருந்த கோபம் இன்னும் கூடியது.

ஜூன் மாதம் சம்பந்தி ஒரு கடித உறையோடு வந்தார். உள்ளே நான்கு ரிக்கெற். அவர்களுடைய சங்கத்தின் கோடை ஒன்றுகூடல், மிசிசாகாவுக்கும் மேற்கே ஒரு திறந்தவெளிப் பூங்காவில். ஓகஸ்டில் ஒரு ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அந்தப் பாடகரே வந்து பாடுகிறார். பதினெட்டு வயதில், தகப்பனுக்குப் பொய் சொல்லிவிட்டுத் துறைமுகத்தில் நின்று அவருடைய பாட்டைக் கேட்டாராம் சம்பந்தி. பிறகு ஒருமுறை பாடகர் இந்தப் பக்கம் வந்தபோது சம்பந்திக்கு வேலையில் லீவு கொடுக்கவில்லை. இதுதான் கடைசி, இனிக் கடல் தாண்டி வரமாட்டேன் என்று பாடகர் தன் வாயாலேயே சொல்லிவிட்டாராம்.

நாலாவது ரிக்கெற் எனக்கு. முன்வரிசை. நல்ல மனம் உள்ளவள் என்றால் நன்றி சொல்லியிருப்பாள். எனக்கோ, முன்வரிசையில் கொண்டுபோய் இருத்தி, “பார், உன் மகள் என் தோளில் சாய்ந்து எப்படிப் பாடுகிறாள்” என்று காட்டத்தான் இந்த ஏற்பாடு என்று தோன்றியது.

அன்றிரவே கலண்டரைப் பார்த்தேன். கணவரின் திதி, அந்த ஞாயிறு கழிந்து வரும் வியாழக்கிழமை. இங்கே எங்கள் ஆட்களுக்கு இது ஒரு சங்கடம். திதியைப் பார்த்தால் ஒருவருக்கும் லீவு கிடைக்காது. லீவைப் பார்த்தால் திதி கிடைக்காது. அதனால் திதிக்குப் பக்கத்தில் வரும் சனி ஞாயிறில் வீட்டில் செய்து, சொந்தக்காரருக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பலரும் பழக்கமாக்கிவிட்டார்கள். நாங்கள் எப்போதும் திதிக்கு அடுத்து வரும் ஞாயிறில்தான் செய்வோம். அந்த வருடம் நான் முந்தின ஞாயிறை, பாட்டு நடக்கும் அதே நாளைப் பிடித்தேன். ஐயருக்கு வேறு நாளே இல்லையாம் என்று மகளுக்குச் சொன்னேன்.

போனில் அவள் அந்தத் திகதியைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

“வேற ஒரு ஐயரும் இல்லையோ அம்மா?”

“அப்பாவின்ர காரியத்துக்கு நான் ஐயர் மாத்தேலுமோ? உமக்கு வர ஏலாட்டிப் பரவாயில்லை. நான் தனியச் செய்வன்.”

இந்தக் கடைசி வரி இருக்கிறதே, இதைத் தாய்மார் எல்லாரும் ஒருநாளாவது பாவித்திருப்பார்கள். குறி தப்பாது. “ஓகே, வாறம்” என்றாள். போனை வைத்துவிட்டு, தேத்தண்ணி போட்டு, சீனி கூடப் போட்டுக் குடித்தேன். ஒரே நாளில் தாலி கட்டியவனுக்குப் படையலும் ஆயிற்று, மகளும் என் பக்கம் வந்தாயிற்று. சம்பந்தி தனியே போய் யாருடைய தோளில் சாய்ந்து பாடுகிறார் பார்ப்போம் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கதவைத் திறந்தால், மகளுக்கும் மருமகனுக்கும் பின்னால் சம்பந்தி நிற்கிறார். கறுப்பு உடுப்பு. கையில் வெள்ளைப் பூக்கள், முட்டை போடாமல் செய்த இனிப்பு ரொட்டி, அவர்கள் கல்லறையில் ஏற்றும் சிவப்புக் கண்ணாடிக் கூட்டு விளக்கு ஒன்று. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“உங்கட பாட்டு?” என்று கேட்டேன்.

“செத்தவர்தான் முதல்” என்றார் சம்பந்தி. என் கன்னம் இரண்டிலும் முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே போய், என் கணவரின் படத்துக்கு முன்னால் அந்த விளக்கை வைத்தார். ஐயர் அதை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, “விளக்குத்தானே, இருக்கட்டும்” என்றார்.

பூசை முடிந்து படையல் எடுத்து, இலை போட்டாயிற்று. நான் பாயாசம் வார்த்துக்கொண்டு வருகிறேன். மகள் ஐயருக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியபடி, மரியாதைக்கு, “ஐயா, உங்களுக்கு இந்த மாதம் நல்ல வேலை போல” என்றாள்.

“எங்க பிள்ளை! அடுத்த ஞாயிறு நான் முழுநாளும் சும்மாதான் இருக்கிறன். அம்மாவுக்கும் அதைத்தான் சொன்னனான். அவதான் இண்டைக்கே வேணும் எண்டு நிண்டவ.”

ஐயர் வடையை எடுத்துக் கடித்தார். மகள் தண்ணீர்ச் செம்பை மெதுவாக வைத்தாள். என்னைப் பார்த்தாள். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். எனக்கு அது பாயாசச் சட்டியும் கையுமாக நிற்கும்போதே வந்து சேர்ந்தது.

மூன்று மணி தாண்டியிருக்கும். சனங்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். சம்பந்தியைத் தேடிக் குசினிக்குப் போனேன். அவர் என் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பூங்காவுக்குப் போயிருந்த அவருடைய சொந்தக்காரி ஒருத்தி அங்கிருந்து வீடியோவில் அழைத்திருந்தாள். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்திருந்தார். சின்னத் திரையில் மேடையும் வெள்ளைச் சட்டையும் புள்ளி போலத் தெரிந்தன. கிழவரின் குரல் மேலே போகமுடியாமல் உடைந்த இடத்தில் ஆயிரம் குரல்கள் சேர்ந்து தூக்கிக்கொண்டன. எனக்கும் ஒட்டிக்கொண்ட அதே பாட்டு. சம்பந்தியின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

என்னைக் கண்டதும் சோப்புக் கையோடு போனைக் கவிழ்த்தார். “மன்னிக்க வேணும். திவச வீட்டில பாட்டு வைக்கக் கூடாதெல்லோ.”

நான், “வையுங்கோ, வையுங்கோ” என்று தடுமாறினேன். அவர் வைக்கவில்லை. முன்னறைக்கு வந்தேன். மகள் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, அவவுக்கு நீங்களாச் சொல்லுறீங்களா, இல்ல நான் சொல்லட்டா?”

“பிறகு ஒருநாள்...”

“நோ. டுடே.”

திரும்பக் குசினிக்குப் போனேன். எங்கள் இரண்டு அரைகுறை ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் எடுத்தது. திதி இன்றைக்கு அல்ல, வியாழக்கிழமை என்றேன். அடுத்த ஞாயிறும் செய்திருக்கலாம், எப்போதும் அப்படித்தான் செய்வோம் என்றேன். அவர் விளங்காமல், “எந்த நாள்?” என்று இரண்டு தரம் கேட்டார். விளங்கியதும், “ஏன்?” என்று கேட்டார். கடைசியில், “என்ர மகள் உங்களோட பாடுறாள், என்னோட பாடுறதில்ல” என்றேன். சொல்லும்போதே எவ்வளவு சின்னத்தனமாக இருந்தது!

சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்து, பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் இந்தக் கதை அழகாக முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. கையில் இருந்த சட்டியைக் கழுவி முடித்தார். கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்தார்.

“எனக்கு உங்களில கோபம். நாளைக்கும் கோபமாத்தான் இருப்பன்” என்றார். அன்று முத்தம் இல்லை. வாசலில் செருப்பைப் போடும்போது என் கணவரின் படத்தைப் பார்த்து நெஞ்சில் சிலுவைக் குறி போட்டுவிட்டுப் போனார். எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பூங்காவுக்கு ஒன்றரை மணி நேரம். போனாலும் முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை, உண்மையான திதியன்று, நான் தனியாக இருந்து இலை போட்டேன். தனியே செய்வேன் என்று சும்மா மிரட்டியது பலித்துவிட்டது. மகள் மாதத்துக்கு ஒருமுறைதான் வரத் தொடங்கினாள். வந்தாலும் சாப்பிட்டுவிட்டு, பிளேட்டைக் கழுவிவிட்டு, நேரத்தோடு போய்விடுவாள். எதை இழந்துவிடுவேன் என்று பயந்து அவ்வளவும் செய்தேனோ, அதை நானே என் கையால் துரத்தியிருந்தேன்.

ஐந்து மாதம் சம்பந்தி என்னோடு பேசவில்லை. அதன்பின் ஒருநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பனிக்குள் காரை உருட்டிக்கொண்டு மிசிசாகாவுக்கு நான் போனேன். கதவைத் திறந்தவர், “கோபம் இன்னும் இருக்கு” என்றார். “இருக்கட்டும்” என்றேன். கோப்பி போட்டுத் தந்தார். இரண்டு பேரும் வேலை, குளிர், முழங்கால் வலி என்று எதையெதையோ பேசினோம். வெளிக்கிடும்போது ஒரு கன்னத்தில் மட்டும் முத்தம் தந்தார். மற்றக் கன்னம் அடுத்த கோடையில்தான் கிடைத்தது.

இப்போது நன்றாகத்தான் இருக்கிறோம். மகளும் வாராவாரம் வருகிறாள். சம்பந்தி வீட்டுக்குப் போனால் பழையபடி பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மகளும் அவரும் சேர்ந்து பாடுவார்கள், சில வேளை எனக்கும் ஒரு வரியின் அர்த்தம் சொல்லித் தருவார்கள். பொறாமை முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தக் கரகரத்த குரல் தொடங்கினால் மட்டும் சம்பந்தி எழும்பிப் போய் அடுத்த பாட்டுக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து இருப்பார். மகள் என் பக்கம் பார்க்கமாட்டாள். அது ஓடட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மன்னிப்புக் கிடைத்த பிறகும் திருப்பிக் கொடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது என்பது, அவர் அந்தப் பாட்டை மாற்றும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதிதாக உறைக்கிறது.